மலை இறங்கிய பருப்பு மூட்டைகள்

என் கடப்பாரைக்கார அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது. உன் காலைத் தின்ற பருப்பு இனி நம் எஸ்டேட்டில் ஒரு பிடிகூட இல்லை. மிச்ச மூட்டைகளை நேற்று லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். லாரி வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

உலகச் சண்டை வந்து துவரை வரத்து நின்றதும் கூலிக்காரர்களுக்கு அளந்தார்களே, கோடாலி முனை மாதிரி சாய்வான பருப்பு! மாதக்கணக்கில் அதுதான் நமக்கு எல்லாம். பிறகு உன் கால் விறைத்தது. கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நடந்தாய். கரடியூர்ச் சரிவில் செய்வினை எதையோ மிதித்துவிட்டாய் என்றார்கள். நானும் நம்பினேனே! போன மழையில் ஓடை தாண்டும்போது கால் மடங்கி வெள்ளத்தில் விழுந்தாய். அதோடு சரி.

உன் கடப்பாரையை உன் கூட்டாளி மாரியண்ணன் எடுத்துக்கொண்டார். தை பிறந்ததும் அவரும் நுனிக்காலில் நடந்தார். சேலம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்ன தின்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அடுத்த முறை முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டு போய்க் காட்டினேன்.

"இது கேசரிப் பருப்பு கண்ணு. எப்பவாவது தின்னா ஒண்ணுமில்ல. மாசக்கணக்கா இதையே தின்னா நரம்பு கெட்டு கால் போயிரும்."

"நாங்களும்தானுங்க தின்னோம். எங்கண்ணனுக்கும் இவருக்கும் மட்டும் ஏனுங்க?"

"வேகவச்ச தண்ணிய என்ன பண்ணுவீங்க? அதுலதான் வெசம் நொம்ப எறங்கும்."

மாரியண்ணன் தனிக்கட்டை, தண்ணீரோடு கடைந்து குடிப்பவர். நம் வீட்டில்? வெந்த தண்ணீரை வடித்து, மிளகு தட்டிப் போட்டு, அம்மா உனக்கு மட்டும்தான் கொடுப்பாள். "குழி வெட்டுற ஒடம்பு, குடி சாமி." நான் கேட்டால் கரண்டியால் ஒன்று விழும்.

வெளியே வந்ததும் மாரியண்ணன் என் கையைப் பிடித்தார். "உங்க ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிறாத, செல்லாயி."

மறுநாள் காலை, எல்லோரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் ரைட்டர் பருப்பு அளந்துகொண்டிருந்தார். நேராகப் போனேன்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க ஊட்ல என்ன பருப்புங்க?"

"வாயடிச்சுத்தான பள்ளிக்கூடத்துல தொரத்துனாங்க? இன்னும் அடங்கலையாடி?"

"இதையே ஆறு மாசம் தின்னுட்டு அந்த மேட்ட ஏறிக் காட்டுங்க. அப்புறம் வாங்கிக்கறோம்."

யாரோ சிரித்தார்கள். என் பங்கை மூட்டையில் திரும்பக் கொட்டினேன். கம்பை ஊன்றி வந்து மாரியண்ணன் கொட்டினார். அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருத்தர் பாக்கியில்லை. சத்தம் கேட்டுத் துரை வந்தார். டாக்டர் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன். படித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் ஒருத்தரும் கூடை எடுக்கவில்லை, காப்பிப் பழம் செடியிலேயே கறுத்தது. நான்காம் நாள் கேழ்வரகும் கொள்ளும் வந்தன.

மாரியண்ணன் கால் இனி நேராகாதாம். ஆனால் அதற்கு மேல் கெடவில்லை. நேற்று லாரியைப் பார்த்து அவர் அடித்த சீழ்க்கை உனக்குக் கேட்டதா?

அம்மா இப்போது கொள்ளு வேகவைத்த தண்ணீரை எனக்கு நீட்டுகிறாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்திக் குடுத்திருந்தா உங்கண்ணன் பொழச்சிருப்பானோ என்னமோ." நான் மடக்மடக்கென்று குடித்துவிடுகிறேன்.

பக்கத்தில் கொட்டச்சேட்டிலும் வாழவந்தியிலும் இன்னும் அதே பருப்பைத்தான் அளக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கடைசி மூட்டை மலை இறங்கும்வரை கத்துவேன், இது சத்தியம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். என் வாய் மூடியிருக்கப்போவது அந்த ஒரு இடத்தில்தான், அண்ணா.

உனக்குப் பின் பிறந்த வாயாடி,
செல்லாயி