மருந்தகத்துக்கு வந்த கேன் தண்ணீர்

நாள் 611, காலை 08:00. செவ்வாய்க் கிரகம், தென்பள்ளம் குடியிருப்பு
மாத்திரை இருப்பு சரி. குளிர்பெட்டி சரி. எழுதுவது ஜொஹரா, நேற்றுவரை இங்கே குடும்ப டாக்டர், இன்று முதல் மருந்தகப் பொறுப்பாளர் மட்டும். இனி நோயாளிகளைத் தானியங்கிப் பரிசோதனை அறை பார்க்கும். நான் அதைக் கூண்டு என்றுதான் சொல்வேன். உள்ளே உட்கார்ந்து ஒரு தொந்தரவைச் சொன்னால், அதற்கு மட்டும் மருந்து எழுதும். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது நேர விரயமாம். பார்க்கலாம்.

நாள் 668, மாலை 17:20
பூமியிலிருந்து செய்தி: "மருத்துவ வருகைகள் பாதியாகக் குறைந்துள்ளன. குடியிருப்பின் ஆரோக்கியம் மேம்பட்டதற்கு வாழ்த்துகள்."
சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வராதவர்கள் குணமானவர்கள் இல்லை, அலுத்துப்போனவர்கள். வருகிறவர்களில் ஒருவர் வயிற்றுவலிக்கு வாங்குகிறார், அவர் மனைவி தலைவலிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் கை மரத்துப்போவதற்கு. கூண்டுக்கு அவர்கள் தனித்தனி ஆட்கள். எனக்கு அவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

நாள் 671, காலை 10:45
குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். ஈயம். பழைய தொட்டியை விட்டு மாறியபோது போட்ட புதுக் குழாயிலிருந்து கசிகிறது.
பழைய தொட்டி சுத்தம்தான். ஆனால் அதற்குத் திரும்பினால் சுரங்கத்துக்குத் தண்ணீர் போதாது, வேலையை நிறுத்த வேண்டும். நிர்வாகி வின்சென்டிடம் மன்றாடினேன். அவர் திரையைக் காட்டினார்: "ஒருத்தருக்கும் ஈயம்னு வரலையே, டாக்டர்." கேட்காததைக் கூண்டு தேடாது என்றேன். பூமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
மருந்து கலக்க மட்டும் பழைய தொட்டியிலிருந்து தினம் ஒரு கேன் எனக்கு வருகிறது. அதை அஞ்சுகத்துக்குக் கொடுக்கப்போகிறேன். ஏழாம் மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருக்கிறது. அந்த இரண்டு முறையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். இந்தப் பிள்ளையை விடமாட்டேன்.

நாள் 690, காலை 09:15
எனக்கும் வலது மணிக்கட்டு தொங்குகிறது. நான் குடிப்பதும் குழாய்த் தண்ணீர்தானே. பூமி பதில் சொல்லவில்லை.
அஞ்சுகம் தினமும் வந்து கேனை வாங்கிப் போகிறாள். வாங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. அவள் கணவன் இருளப்பனுக்கு வயிற்றுவலி விட்டுவிட்டதாம், இரட்டை ஷிப்ட் போகிறானாம். ஏன் அவனுக்கு மட்டும் என்று யோசித்தேன். யோசனை பாதியில் நழுவிவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான்.

நாள் 702, பகல் 13:30
அஞ்சுகம் கூண்டில் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறாள். தைலம் வந்தது. அதை வாங்க என்னிடம் வந்தவளின் வயிற்றில் கை வைத்தேன். துடிப்பு இல்லை. காது வைத்தும் கேட்டேன். இல்லை.
அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கூண்டு வந்தபிறகு அந்த வீட்டுக்குள் நான் கால் வைப்பது இதுதான் முதல் முறை. இருளப்பனின் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என் கேன். கேட்டேன்.
"அவரு பாறை உடைக்கிற மனுஷன், டாக்டரம்மா. நான் வீட்டுல சும்மாதானே கெடக்கேன். நல்ல தண்ணி அவருக்குத்தானே போகணும்?"
கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சத்துமாவு புருஷன் வயிற்றுக்குத்தான் போகும் என்று எந்தக் குடும்ப டாக்டருக்கும் தெரியும். அதனால்தான் அடுப்படி வரைக்கும் போவோம். நான் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

நாள் 705, காலை
இடது கையால் எழுதுகிறேன். பூமி: "பரிசோதனை அறைப் பதிவுகளின்படி தென்பள்ளத்தில் கர்ப்பச் சிக்கல் எதுவும் இல்லை. முதுகுவலி ஒன்று, சிகிச்சை முடிந்தது. குழாயை மாற்றத் தேவையில்லை."
பிள்ளையை எடுத்தாயிற்று. பெண். அஞ்சுகத்துக்குக் காய்ச்சல். தாகம் தாகம் என்கிறாளாம், குழாயில்தான் பிடித்துக் கொடுக்கிறார்கள்
இன்றைய கேன் இங்கே இருக்கிறது. யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது. நானே போய், பக்கத்தில் நின்று, அவள் குடிக்கிறதை
தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும்
இதைப் படிக்கிறவர் யாரானாலும், முதலில் அவள் வீட்டுக்கு