சுழல் நாற்காலிக் கூட்டம்

பிப்ரவரி 6, செவ்வாய்

மாதத்தின் முதல் திங்கள், சலூனில் நடக்கும் எங்கள் அறிவியல் பேச்சுக் கூட்டத்துக்கு நேற்று முப்பத்திரண்டு பேர். பதினோரு கூட்டங்களில் இதுதான் அதிகம். சலூனின் பெஞ்சுகளும், என் வீட்டுக்காரர் தன் மெக்கானிக் பட்டறையிலிருந்து தூக்கிவந்த ஸ்டூல்களும் நிறைந்து, நாலு பேர் கண்ணாடியில் சாய்ந்து நின்றார்கள். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதிலும் ஒருவர் கடை திறந்திருக்கிறது என்று நினைத்து முடி வெட்டிக்கொள்ள வந்தவர்.

பேச வந்தவர் ஆஸ்பத்திரி டாக்டர். தலைப்பு, கொட்டாவி. அவர் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் எல்லாரும் வாயைப் பிளக்க ஆரம்பித்தார்கள். இரண்டு சுவரிலும் கண்ணாடி என்பதால் அறுபது வாய். ஒருவர் விட்டால் அடுத்தவருக்கு ஏன் வருகிறது என்று தையல்காரம்மா கேட்டார். டாக்டர் யோசித்தார். ஊகங்கள் உண்டு, ஆனால் உறுதியாகத் தெரியாது என்றார். உடனே சலூன்காரர் எழுந்து போய் ஓரத்துச் சுழல் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவிட்டார். பேச வருகிறவர் ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொன்னால் எங்கள் மரியாதை அதுதான். அதற்காகவே அந்த ஒரு நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. டாக்டருக்கு விஷயம் புரிந்தபோது முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்!

இவர் வழக்கம்போல் வாசல் ஓரம். எல்லாரும் சிரித்தபோது சிரித்தார். வீடு திரும்பும்போது, பேச்சு எப்படி என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு” என்றார். எது நல்லா இருந்தது என்று கேட்டால் முன்னால் நடந்துவிடுகிறார். பதினோரு மாதமாக இதே நல்லா இருந்துச்சுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மகள் போன் செய்தாள். இவர் எடுத்து, “அம்மாகிட்ட பேசும்மா” என்று என்னிடம் நீட்டிவிட்டுத் தோட்டக் குழாயைச் சரிசெய்யப் போய்விட்டார். குழாய் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளியூர் வேலைக்கு அவள் போனது பிடிக்கவில்லை போல. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்? இரண்டு வருடமாகவா ஒரு மனிதர் முறைத்துக்கொண்டிருப்பார்?

பிப்ரவரி 20

இன்று மூன்று தடவை கூப்பிட்டேன். நாலாவது தடவை கத்தினேன். “ஏன் கத்துற?” என்கிறார்.

பிப்ரவரி 24, சனி

மார்ச் கூட்டத்துக்கு இயற்பியல் டீச்சர் ஒப்புக்கொண்டார். தலைப்பு, சத்தம். கல்லூரி ஆய்வறையில் எனக்கு ஒத்திகை காட்டினார். சின்னப் பெட்டி ஒன்றிலிருந்து மெல்லிய கீச்சொலி வரும். கேட்கிறவரை கை தூக்கி வைத்திருக்க வேண்டும், நின்றதும் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான்தான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் சலூன் முழுக்கக் கண்ணாடி, பக்கத்து ஆள் கையைப் பார்த்தே எல்லாரும் இறக்கிவிடுவார்கள், அதனால் கண்ணை மூடச் சொல்லுங்கள் என்றேன். பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். தினமும் காலையில், அளவு தெரிந்த ரத்தத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, இயந்திரம் பொய் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை. சும்மா விடுவேனா? டீச்சர் பாராட்டினார். சத்தத்தைத் திடீரென்று நிறுத்திவிடலாம், யார் கை அந்தரத்தில் நிற்கிறதோ அவர் மாட்டினார் என்று சேர்ந்து சிரித்தோம்.

மார்ச் 1, வெள்ளி

சாவியை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். ஓடும் எஞ்சினில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார். இருபது வருடமாக இவருக்குப் பெயரே ‘காது’. வண்டியின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். கைப்பிடியைக் காதில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். பல்லில் எப்போதிலிருந்து என்று கேட்டேன். புது முறையாம்.

மார்ச் 4, திங்கள்

எழுத ஓடவில்லை.

மார்ச் 5

நாற்பத்தொரு பேர். எழுதித்தான் தீரவேண்டும்.

டீச்சர் அருமையாகப் பேசினார். பிறகு அந்தப் பெட்டியை எடுத்தார். எல்லாரும் கை தூக்கினார்கள், கண்ணை மூடினார்கள். நான் மட்டும் சாக்பீஸோடு கரும்பலகைப் பக்கம். கைகளை எண்ணுவது என் வேலை. கீச்சொலி வந்தது. நின்றது. கைகள் எல்லாம் சரசரவென்று இறங்கின.

ஒரு கை இறங்கவில்லை. வாசல் ஓரம்.

பாதிப் பேர் ஓரக்கண்ணால் பார்த்துத்தான் இறக்கினார்கள், எனக்குத் தெரியாதா? இவர் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இறுக்கி மூடியிருந்தார். “கண்ணைத் திறக்கலாம்” என்று டீச்சர் சொன்னார். எல்லாரும் திறந்தார்கள். இவருக்கு அதுவும் கேட்கவில்லை. எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்த ஒரு கை. பின்னால் யாரோ சிரித்தார்கள். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பதினோரு விநாடி. எனக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கொண்டிருந்தேன்! போய்த் தொட்டிருக்கக் கூடாதா? சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். சலூன்காரர்தான் போய்த் தோளில் கை வைத்தார். இவர் கண்ணைத் திறந்து, எங்களையெல்லாம் பார்த்து, கையை மெல்ல இறக்கி, சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு.

இயந்திரம் பொய் சொன்னால் கண்டுபிடிப்பேனாம். விளக்கடியில்தான் இருட்டு.

மார்ச் 7

வீட்டில் பேச்சில்லை. இன்று காலை செருப்பு மாட்டும்போது மட்டும், “அந்த டீச்சர் வேணும்னே பண்ணிட்டாங்க” என்றார். பிறகு, “இனிமே உன் கூட்டத்துக்கு நான் வரல” என்றார்.

கண்ணை மூடச் சொன்னது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழை.

மார்ச் 10, ஞாயிறு

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு உன் மேல் கோபம் என்றல்லவா நினைத்தேன் என்று சொன்னதும், “என்னம்மா சொல்றே? அப்பா தினமும் எனக்கு மெசேஜ் போடுவாரே. நீ என்ன சமைச்சே, எதுக்குத் திட்டினே, எல்லாம் வரும்” என்றாள்.

தினமுமாம். இரண்டு வருடமாக. நேற்று அனுப்பியதை வாசிக்கச் சொன்னேன். ‘அம்மா வருத்தமா இருக்கா. தனக்குள்ள ஏதோ சொல்லிக்கிறா, எனக்குத்தான் விளங்கல’ என்று இருந்ததாம்.

குளியலறைக்குப் போய் அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம்தான் தோன்றியது, குழாய் எதற்கு?

மார்ச் 17, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னது டீச்சர் இல்லை, நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், மன்னித்துவிடுங்கள்.

இவர் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். “தெரியும். டீச்சருக்கு அவ்வளவு போக்கிரித்தனம் வராது” என்றார்.

தெரிந்துகொண்டே பத்து நாளாகச் சும்மா இருந்தாரா? நானாகச் சொல்கிறேனா என்று பார்த்தாராம்.

பிறகு அவராகவே பேசினார். என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை நாளாயிற்று. பட்டறையில் முதலில் சின்னச் சின்னச் சத்தங்கள் போயின. பிறகு பெண்கள் குரல், பிறகு போன். “காதுன்னு பேர் வச்சுட்டு, காது கேக்கலன்னு எப்படிச் சொல்றது? சொன்னா மறுநாள் யார் வண்டியை விட்டுட்டுப் போவாங்க?” என்றார். கூட்டத்தில் எப்படி என்று கேட்டேன். “எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன். கண்ணாடியில பாத்துக்குவேன். அன்னைக்குத்தான் நீ கண்ணை மூடச் சொல்லிட்டியே.”

நல்லா இருந்துச்சு என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீ சந்தோஷமா இருந்தே. அதான் நல்லா இருந்துச்சு.”

மார்ச் 26

காது பரிசோதனைக்குப் போனோம். நீயும் சோதித்துக்கொண்டால்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி என்றேன். இவருக்கு இரண்டு காதிலும் கீச்சென்ற மேல் ஸ்தாயிச் சத்தங்கள் ஏறக்குறைய இல்லை. காதில் மெஷின் வைக்க வேண்டும், ஜூனில் வரும். எனக்கு இடது காதில் கொஞ்சம் குறைவாம். அதைக் கேட்டதும் மூன்று வாரம் கழித்து இவர் முகத்தில் நிஜச் சிரிப்பு. படியிறங்கும்போது என் இடது பக்கமாக வந்து ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, நல்லா இருந்துச்சு” என்றார்.

ஏப்ரல் 1, திங்கள்

இருபத்தாறு பேர். இவர் வரவில்லை. வாசலோரத்து ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே விட்டுவைத்திருந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை, குத்தியது.

பேச்சு எதைப் பற்றி என்றுகூட இப்போது எழுதத் தோன்றவில்லை. இதோடு நிறுத்திவிடலாமா என்று சலூன்காரரிடம் கேட்டேன். அவர் ஸ்டூல்களை அடுக்கிக்கொண்டே, “நிறுத்தலாம்க்கா. ஆனா அண்ணனால நின்னுச்சுன்னு ஆயிடும். அந்தப் பழியும் அவர் தலையிலயா?” என்றார். நானும் ஒரு ஸ்டூலைத் தூக்கி அடுக்கினேன்.

ஏப்ரல் 13, சனி

டீச்சர் நேராகப் பட்டறைக்கே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மதியம் நான் போனபோது, ஓடும் எஞ்சின் பக்கம் டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறார்! இவர் பக்கத்தில் நின்று கையை ஆட்டி விளக்குகிறார். எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகும், காதின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, அதை இவர் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார் என்று டீச்சருக்கு ஆச்சரியம். உள்காதே மங்கியிருந்தால் அது எவ்வளவு தூரம் உதவும் என்று நான் கேட்டேன். தனக்கு அது அவ்வளவாகத் தெரியாது என்றார் டீச்சர். சுற்றிவிட அங்கே நாற்காலி இல்லை. இவர் பக்கத்தில் கிடந்த பழைய டயரைக் காலால் ஒரு உருட்டு உருட்டிவிட்டார்.

வாடிக்கையாளர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டியை விட்டுவிட்டுத்தான் போனார்.

ஏப்ரல் 28

மகள் போன். இவர் வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, “மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொல்லு. அப்பாவுக்குக் காது கேக்கல” என்றார். மகளிடம் முதல் தடவை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். என்னைப் பற்றித்தான் ஏதோ புகார். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இருக்கிறேன்.

மே 6, திங்கள்

ஐந்தரைக்குப் பட்டறை பூட்டும் சத்தம். ஸ்டூல்கள் அடுக்கிய தள்ளுவண்டியோடு தெருவில் இவர் வருகிறார். நானும் போய் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.

ஸ்டூல்களைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக முன்னால் வந்து, பேசுகிறவருக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஓரத்துச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காராத நாற்காலி. எல்லாரும் சலூன்காரரைப் பார்த்தார்கள். அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், எதையும் கண்டுகொள்ளவில்லை.

பேச வந்தவர் வானிலை அலுவலகத்துக்காரர். நல்ல மனிதர். ஆனால் பலகையில் மேகம் வரைந்துகொண்டே பலகையிடமே பேசினார். பத்து நிமிடம் போயிருக்கும். முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதே கை.

“எனக்குக் கேக்கலைங்க. எனக்குக் காது மந்தம். இந்தப் பக்கம் திரும்பிப் பேசுறீங்களா? வாயைப் பாத்தா புரிஞ்சுக்குவேன்.”

வானிலைக்காரர் பதறிப்போய்த் திரும்பி, வேறு யாருக்காவது கேட்கவில்லையா என்று கேட்டார். முதலில் தையல்காரம்மா கை தூக்கினார். பெஞ்சிலிருந்து இரண்டு கை, அங்கங்கே இன்னும் சில. ரொம்ப நாளாகவே கேட்கவில்லை என்று யாரோ முனகினார்கள். நானும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினேன். இடது காதுக்காக.

சலூன்காரர் சீப்பை வைத்துவிட்டு எழுந்து வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து இவரையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். “டேய், மெதுவாடா” என்று இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி, வாசல், நாங்கள் எல்லாரும், மறுபடி கண்ணாடி. சுற்றி வந்து நின்றபோது முதலில் சிரித்தது இவர்தான். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

வந்தவர்களை இன்று எண்ணவில்லை, மறந்துபோயிற்று. கை தூக்கியவர்கள் ஒன்பது பேர்.