இரண்டாம் பதிப்புக்கு ஓர் அபிப்பிராயம்

சிவமயம்

குளுவாங், ஜொகூர்
ஆங்கீரச வருஷம், வைகாசி 14

அன்புமிக்க உலகப்பனுக்கு,

சதாசிவம் எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன். தேவகோட்டையில் நீ, ஆச்சி, மூன்று பெண்கள், புதிதாகப் போட்ட அச்சுக்கூடம் எல்லாம் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய பன்னிரண்டு பிரதிகளும் நனையாமல் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவன், 'அதிர்ஷ்டம் உன் கைவேலை' என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டு ஒரு புத்தகமே எழுதிவிட்டாய். பொறாமையாக இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசகர்களின் அபிப்பிராயத்தைத் திரட்டி அனுப்பு, இரண்டாம் பதிப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். இந்தத் தோட்டத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் என்னோடு சேர்த்து நாலு பேர். அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயில் கொட்டகையில் நானே உரக்கப் படித்தேன். நல்ல கூட்டம். ரப்பர் விலை விழுந்து இரண்டு வருஷமாகிறது. பாதி மரங்களில் பால் வெட்டு இல்லை. விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். பேர் வராதவர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்ற முறையில் பேர் கூப்பிடுகிறவன் நான்தான். அப்படித் திரும்பிப் போகிறவர்களிடம் அதிர்ஷ்டத்தை நீங்களே செய்துகொள்ளலாம் என்றால் வந்து உட்காரத்தானே செய்வார்கள்.

மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஐயாசாமி இரண்டு முறை படித்தார். நடை நன்றாக இருக்கிறது, உதாரணங்கள் பிரமாதம், ஆனால் இருநூறு பக்கத்தில் காய்ச்சல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லையே என்றார். இதை நீ போட வேண்டாம். பால் வெட்டும் ராசம்மா, எழுந்ததும் கண்ணாடி முன் நின்று கால் மணி நேரம் சிரிக்க வேண்டும் என்ற உன் இரண்டாம் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, "அந்நேரத்துக்கு எங்களுக்குப் பதிலா அவங்க பொஞ்சாதி பெரட்டுக்கு வருவாங்களா?" என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது. இந்தத் தோட்டத்தில் நான் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாயிற்று. அந்தப் புண்ணியமாவது உனக்குச் சேரட்டும்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வீரமுத்து என்று ஒரு வெட்டுக்காரன். எழுத்து வாசனை கிடையாது. கேட்டதை அப்படியே மனத்தில் பிடித்துக்கொள்வான். மனைவி பேச்சியம்மாள், ஏழு வயதில் கருப்பாயி, கையில் ஓர் ஆண் குழந்தை. வேலையில்லாத குடும்பங்களைச் சர்க்கார் செலவில் ஊருக்குக் கப்பலேற்றுகிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்திருப்பாய். எங்கள் தோட்டத்திலிருந்து போகிறவர்களின் ஜாபிதாவை நான்தான் எழுதினேன். வீரமுத்து குடும்பமும் அதில் இருந்தது. ஏழாம் அத்தியாயம் படித்த மறுநாள் அவன் ஆபீஸுக்கு வந்தான். 'ஊர் முழுவதும் ஒரு பக்கம் ஓடும்போது அதிர்ஷ்டம் மறுபக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். போய்க் கூப்பிடுகிறவனுக்கு அது சொந்தம்' என்ற உன் வாக்கியத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். எல்லாரும் போய்விட்டால் மிச்ச மரமெல்லாம் நிற்கிறவனுக்குத்தானே, தன் பேரை அடித்துவிடுங்கள் என்றான். அடித்தேன். குனிந்து வந்தவன் நிமிர்ந்து போனான், உலகப்பா. என் கண்ணால் பார்த்தேன்.

பேச்சியம்மாள் மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை விட்டு நகராமல் நின்றாள். "இதை எழுதுனவங்க கப்பலேறி இங்க வந்து பாத்திருக்காங்களாங்க?" என்று கேட்டாள். அவருடைய அப்பச்சி பர்மாவுக்கே கப்பலேறியவர், போ போ என்று சொல்லி அனுப்பினேன்.

வீரமுத்துவின் கதையை முதல் பக்கத்திலேயே போடு. அவனுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியவன் நான் என்பதையும் ஓர் ஓரத்தில் போடு.

உன் பெருமையில் பங்கு கேட்கும்,
சதாசிவம்

*

குளுவாங்
ஐப்பசி 9

உலகப்பா,

நலம் விசாரித்து இரண்டு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூசியது, அடித்துவிட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. வீரமுத்துவின் கதையை முதல் பக்கத்துக்கு அச்சுக் கோத்துவிட்டதாகவும், ஆயிரம் பிரதிகளை மலாயாத் தோட்டங்களுக்கென்றே அனுப்பப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். நிறுத்து. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அச்சுக்கூடத்துக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

கப்பல் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஆனி பிறந்ததும் போயின. அந்த மாதம் முடிவதற்குள் தோட்டத்தை மூடிவிட்டார்கள். வீரமுத்து நினைத்தபடி மரங்கள் அத்தனையும் மிச்சம் நின்றன. வெட்டச் சொல்லத்தான் ஆள் இல்லை. பங்களாவையும் ஆபீஸையும் பார்த்துக்கொள்ள என்னையும் இரண்டு காவல்காரர்களையும் வைத்துவிட்டுத் துரை சீமைக்குப் போய்விட்டார். ஐயாசாமி சிங்கப்பூருக்குப் போனார். மருந்துக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது.

முந்திய கடிதத்தில் உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவன் பேரை நான் அடித்த அன்று, தோட்டத்தை மூடப் போகும் உத்தரவு என் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. வெளியே மூச்சு விடக் கூடாது என்று துரை சொல்லியிருந்தார். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். துரைக்குப் பயந்தது பாதிதான். அவன் உன் வாக்கியத்தை ஒப்பித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு எழுத நல்லதாக ஒன்று கிடைத்ததே என்று இருந்தது. 'வேண்டாம் அப்பா, கப்பல் ஏறு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, நான் சொல்லவில்லை.

தோட்டம் மூடியதும் வீரமுத்து குடும்பம் நாலு பேரும் வேலை தேடித் தண்டவாளத்தோடு தெற்கே நடந்திருக்கிறார்கள். போன இடமெல்லாம் இதே கதை. வாசலிலேயே கையை விரித்தார்கள். கைக்குழந்தை வழியில் வயிற்றுப்போக்கில் இறந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். எந்த மைல்கல்லுக்குப் பக்கம் என்று பேச்சியம்மாள்தான் பார்த்து வைத்திருந்தாளாம். அவளும் இப்போது இல்லை. செடெனாக் போய்ச் சேர்ந்ததும் குளிர்காய்ச்சலில் படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஒரு சீனர் தம் காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் அவர்களைத் தங்க விட்டிருக்கிறார். குழி வெட்டவும் அவரே மண்வெட்டி எடுத்துக்கொண்டு கூட வந்தாராம். அதன் பிறகு வீரமுத்து பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பி வந்தான். காலி லயத்தில் தன் பழைய அறையில்தான் இருக்கிறான்.

என்னைக் கண்டால் திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஆபீஸ் படியில் உட்கார்ந்து, "கடேசி அத்தியாயத்தை இன்னொரு தரம் படிங்கய்யா" என்றான். படித்தேன். 'இம்முறைகளைக் கைக்கொண்டும் ஒருவன் பலன் காணவில்லையென்றால் குறை முறையில் இல்லை. அவன் மனத்தின் ஏதோ ஓர் இடுக்கில் சந்தேகம் இருந்திருக்கிறது' என்று எழுதினாயே, அந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான். "அதாங்கய்யா. லாரி பொறப்பட்டப்ப நான் ஒரே ஒரு தரம் திரும்பிப் பாத்தேன். நாமளும் போயிருக்கலாமோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அவகிட்டகூடச் சொல்லல. அதுதான் ரெண்டு பேரையும் கொண்டுபோயிருச்சு" என்றான்.

நான் என்னென்னவோ சொன்னேன். ரப்பர் விலை விழுந்தது உன் மனத்தினாலா என்று கேட்டேன். இழுப்பறையில் இருந்த உத்தரவைப் பற்றியும் சொல்லி அழுதேன். "ஒங்களுக்கு உத்தரவுங்க, நீங்க என்ன செய்வீங்க" என்று அவன் என்னைத் தேற்றினான். என்னுடைய குற்றத்தையும் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டு எழுந்து போனான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி பத்தாம் தேதி சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு இன்னொரு கப்பல் போகிறது. இனிமேல் இலவசக் கப்பல் இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பேர் கொடுக்கக் கார்த்திகை முடிய நாள் இருக்கிறது. கருப்பாயிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வருகிறது. கை கால் குச்சியாகி வயிறு மட்டும் வீங்கியிருக்கிறது. ஐயாசாமி எனக்கென்று விட்டுப் போன கொயினா மாத்திரைகளைக் கொடுத்து வருகிறேன். அடுத்த மாதத்தோடு அதுவும் தீர்ந்துவிடும். ஊரில் பேச்சியம்மாளின் அக்காள் இருக்கிறாள். பெண்ணைக் கொண்டுவந்து விடுங்கள், என் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று ஆள் வைத்து எழுதியிருக்கிறாள்.

வீரமுத்து பேர் கொடுக்க மாட்டேன் என்கிறான். இப்போது கப்பல் ஏறினால் மறுபடியும் சந்தேகப்பட்டதாகிவிடும், அது இந்தப் பெண்ணையும் எடுத்துக்கொண்டுவிடும் என்று பயப்படுகிறான். நீ எழுதியபடியெல்லாம் ஒன்று விடாமல் செய்து வருகிறான், உலகப்பா. விடிந்ததும் லயத்து முன்னால் நின்று சிரிக்கிறான். கண்ணாடி இல்லாததால் தண்ணீர்த் தொட்டியைக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறான். பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறான். பல் கிட்டிக்கொள்கிற குளிரில் அதுவும் அப்பன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். நீ எழுதியது போல நானே ஒரு கடிதம் எழுதினேன். 'ஏழாம் அத்தியாயம் பிசகு, கப்பல் ஏறுவதே சரி' என்று எழுதி, புத்தகம் எழுதியவர் உனக்கே அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். அவன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துத் தெரியாதவன்தான். ஆனால் பத்து வருஷமாகப் பெரட்டில் என் கையிலிருக்கும் பேர்ப் புத்தகத்தைப் பார்த்து நின்றவன். அதன் நீலக்கோட்டுத் தாள் அவனுக்குத் தெரியாதா? "இது நம்ம ஆபீசுத் தாளுங்கய்யா" என்று சொல்லி, கசங்காமல் மடித்து என்னிடமே கொடுத்தான். முகத்தில் கோபமே இல்லை. அதற்கப்புறம் நான் சொல்வது எதுவும் அவனிடம் எடுபடவில்லை.

ஆகவே நீதான் எழுத வேண்டும். உன் அச்சுக்கூடத்துத் தாளில், உன் கையால், தேவகோட்டைத் தபால் முத்திரையோடு வரவேண்டும். உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஊரில் பேர் கிடைத்திருக்கிறது, கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். நீ கெட்ட எண்ணத்தோடு எழுதியவன் இல்லை. நாலு பேர் முன்னுக்கு வரட்டும் என்றுதான் எழுதினாய். அதைப் படித்துக் காட்டிய நானும் கெட்ட எண்ணத்தோடு படிக்கவில்லை. இரண்டு உயிர் போனதற்கு அப்புறம் நம்முடைய நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீ கேட்ட அபிப்பிராயத்தையும் எழுதிவிடுகிறேன். வீரமுத்துவிடம் கேட்டேன். "நல்ல பொஸ்தகங்க. கேட்ட ஆளுதான் சரியில்ல" என்றான். இதைப் போட்டால் உன் புத்தகம் இன்னும் நன்றாக விற்கும். நம் பழைய சிநேகிதத்தின் பேரில் கேட்கிறேன், போடாதே.

அவனுக்கு நீ நீளமாக எழுத வேண்டியதில்லை. 'வீரமுத்து, நீ திரும்பிப் பார்த்ததில் ஒரு குற்றமும் இல்லை. நான் எழுதியதுதான் பிசகு. பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறு.' இவ்வளவு போதும். எழுதக் கை வராவிட்டால் உன் கடைசிப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுது. அவளுக்கும் ஏழு வயதுதானே. உன் மூன்று பெண்களும் ஒரு நாள் காய்ச்சல்கூட அறியாமல் நூறு வயது இருக்கட்டும், மனதாரச் சொல்கிறேன்.

தபாலுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கிறது. கார்த்திகை முடிவதற்குள் உன் கடிதம் இங்கே இருக்க வேண்டும். நீ எழுதுவாய் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். வராமல் போனால் அதற்கும் அவன் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வான்.

உன்னிடம் கையேந்தி நிற்கும்,
சதாசிவம்