ஒரு பெட்டிக்கு ஆயிரம் மயக்கம்

அன்பு மருமகளுக்கு,

பூமியையே மடித்து உள்ளே வைக்குமளவு அட்டைப்பெட்டி செய்யும் மகா பட்டறையின் அதிபதி, உன் தாய்மாமன் எழுதுவது. நலம். முட்டி வலி மட்டும் உன் அத்தையைப் போல என் பேச்சைக் கேட்பதில்லை.

நீ போன முறை வந்து கைவைத்ததிலிருந்து வெட்டு மெஷின் பறக்கிறது. அந்த வேகத்தில் ஜன்னல்கள் தானாகச் சாத்திக்கொள்கின்றன. அதை ஓட்டும், உன்னைவிட மூத்த அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன வியாதி இருந்தது என்று, நானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். கணக்குப் போடுவது ப்ரொடெக்டட் மோடில், கட்டுக்காவலோடு. கத்தியை நகர்த்தும் பழைய புரோகிராமுக்கோ காவலே இல்லாத ரியல் மோட்தான் தெரியும். காவலுக்குள் போவது சுலபம். வெளியே வர அந்தப் பழைய சிப்புக்கு வழியே வைக்கவில்லை. விட்ட இடத்தை ஒரு மூலையில் குறித்துவிட்டு, அணைந்து மயங்கி விழுந்து, புதிதாகப் பிறந்து எழுந்து, குறிப்பைப் பார்த்துத் தொடர வேண்டும். ஒரு மயக்கம் கண் இமைப்பதற்குள் தெளிந்துவிடும். ஆனால் கத்தி நகரும்போதெல்லாம் ஒன்று, பெட்டிக்கு ஆயிரம். அளவுகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கத்திக்குக் கொடுக்கவைத்தாய், தெளிந்துவிட்டது.

இப்போது உன் அம்மா விஷயம். வேலை நடுவில் கூப்பிடாதே, விட்ட இடத்தைப் பிடிக்க அரை மணி ஆகிறது என்று போனில் கத்தினாயாம். தப்பில்லை. மிக்ஸி சத்தம் மாறினாலும் கூப்பிடுகிறவள், ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. நான்தான் சும்மா இராமல் அக்காவை உட்காரவைத்து மெஷின் கதையை விளக்கினேன். "அப்போ என்னாலதான் அவ மயங்கி மயங்கி எழுந்திருக்கிறாளா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து போனைத் தொடவில்லை. இருபத்திரண்டு நாள் ஆகிறது. உலகம் வியக்கும் என் விளக்கத்தின் பலன்.

இப்போது அவளும் சேர்த்துவைக்கிறாள், ஒரு நோட்டில். அவள் மாடிக்குப் போனபோது திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அறுபத்தோரு விஷயம். குழாய் சரியாகிவிட்டது. பச்சைச் சட்டை உனக்கா, தம்பிக்கா. எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. அதன் கீழே குட்டிகளின் நிறம் தனித்தனியாக. முதல் வரியை மட்டும் அடித்து அடித்து எழுதியிருக்கிறாள். கடைசியில் அடிக்காமல் நிற்பது இது: "இப்போ பேசலாமா?"

அவளாகக் கூப்பிட மாட்டாள், கண்ணு. இது நான் மிகைப்படுத்தாமல் எழுதும் ஒரே வரி. நீ ஆயிரம் வருஷம் நன்றாக இரு. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை அவளுக்குக் கொடு. அவள் முதல் வரியைப் படிப்பதற்குள், பேசலாம்மா என்று நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டிருக்கும்
மாமா