பூட்டிய கேட், நான்கு கேமரா

12.10.2015, திங்கள்

காலையில் தூறல், பத்துக்கு மேல் புழுக்கம். துணி உலரவில்லை.

அடுத்த தெரு அமலோற்பவம் டீச்சர் வீட்டில் சனிக்கிழமை புகுந்துவிட்டார்கள். முற்பகல் பதினொரு மணி. இருவர். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஆளைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். இடுப்பெலும்பு முறிவு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

செய்தி கொண்டுவந்தவள் வசந்தா. எட்டு மணிக்கு வந்து, வீட்டு வேலை முடித்து, பத்தரைக்குப் போகிறவள், பதினோரு ஆண்டுகளாக. "கேட்டு சும்மா சாத்திக்கினு இருந்துதாம்மா. பூட்டு போடலியாம். நீங்களும் சும்மா சாத்திட்டு உக்காந்துக்கினு இருக்காதீங்க."

மாலையில் கோவையிலிருந்து ஸ்டெல்லா, தொலைபேசியில். மகள் என்ற முறையில் அவளுக்குக் கவலைப்பட உரிமை உண்டு. அந்த உரிமையைச் சற்றும் வீணாக்குவதில்லை. "உங்களுக்கு எழுபத்தாறு வயசும்மா. திண்டிவனத்துல தனியா இருந்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போறீங்க? வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க."

கேமரா பொருத்தப்போகிறேன் என்றேன். அதுவரை அப்படி ஓர் எண்ணமே எனக்கு இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் உடன்பாடு: கிறிஸ்துமஸ் வரை பார்ப்பது. அதற்குள் ஏதேனும் ஒன்று தவறினால் அவள் வந்து அழைத்துப் போவாள், நான் மறுபேச்சுப் பேசக் கூடாது.

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். அடர் கந்தக அமிலத்தைக் கையாளும்போதும் கை நடுங்கியதில்லை. இன்று பால்காரர் மணியடித்தபோது பாத்திரத்தைத் தவறவிட்டேன்.

14.10.2015, புதன்

வெயில். காலைப் பேருந்தில் முதலில் முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம்.

டீச்சர் படுத்தபடியே பேசினார். "அவன் மூஞ்சே ஞாபகம் இல்லக்கா. நீலச் சட்டை. அவ்ளோதான்." நான்கு முறை அதையே சொன்னார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போல.

விழுப்புரத்தில் கேமராக் கடை. உரிமையாளர் செல்வம், நாற்பது இருக்கும், தானே பொருத்தவும் செய்வார். டம்மி கேமராவும் விற்கிறார். வெறும் சிவப்பு விளக்கு மட்டும் எரியுமாம்.

"திருடனுக்கு அது டம்மி என்று தெரியாதா?"

"தெரியும் மேடம். அவன் வீட்டுக்கும் எங்கிட்டதான் வாங்கிக்கினு போறான்."

இந்த மனிதரை நம்பலாம் என்று தோன்றியது.

முடிவு செய்தவை:
வெளியே மூன்றும் நீள்வடிவம், மழை தாங்குவது.
பதிவுப் பெட்டி நான்கு கேமராவுக்கு உரியது. நான்காவதை எங்கே வைப்பது? தெரியவில்லை.
மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு.
வயர் மழைநீர்க் குழாயை ஒட்டி.
கேட் கேமரா பத்தடி உயரத்தில் வேண்டும் என்றார். ஆறரை அடி போதும் என்றேன். உச்சந்தலையைப் படம்பிடித்துப் போலீஸில் காட்டி என்ன பயன்? முகம் வேண்டும். நீலச் சட்டை போதாது.

17.10.2015, சனி

காலை ஒன்பது முதல் இரண்டு வரை துளையிடும் சத்தம். வீடெங்கும் செங்கல் தூள்.

கேட், பக்கச் சந்து, கொல்லை. நான்காவதை "சும்மா கெடக்குதே மேடம்" என்று ஹால் மூலையில் மாட்டிவிட்டார். என் வீட்டுக்குள் நான் உட்காருவதையும் நடப்பதையும் பதிந்து வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஆகவே அது திரையில் தெரியும், பதிவாகாது. திரை என் சாய்வு நாற்காலிக்கு எதிரே, புத்தக அலமாரி மேல். ஹால் கேமரா எனக்குப் பின்னால் இருப்பதால் அதில் என் முதுகுதான் தெரிகிறது. இவ்வளவு கூனல் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

தூளைப் பெருக்க நின்றுவிட்ட வசந்தா கேட்டுக்கு வெளியே போய் நின்று கையை ஆட்டினாள். பிறகு ஓடிவந்து, "தெரிஞ்சனா?" என்றாள். திரையில் தெரிவது அந்தக் கணத்து நிலை என்று விளக்கினேன். மறுபடி போய் ஆட்டிவிட்டு ஓடிவந்தாள்.

19.10.2015, திங்கள்

மாலை நாலரைக்குச் செடிக்குத் தண்ணீர் விடப் போனேன். கேட் திறந்து கிடந்தது.

காலை பத்தே முக்காலுக்கு நானே பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். இந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி: ஒன்று என் கைப்பையில், மற்றது வசந்தாவிடம்.

பதிவைத் தேடினேன். ஒன்றுமில்லை. சனிக்கிழமையிலிருந்தே ஒன்றுமில்லை. திரையில் அழகாகப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்டிக்குள் ஒரு நொடிகூடச் சேரவில்லை.

எல்லா அறைகளையும் பார்த்தேன். குளியலறைக் கதவைத் துடைப்பக் கட்டையால் தள்ளித் திறந்தேன்.

20.10.2015, செவ்வாய்

செல்வம் தொலைபேசியில்: "ஹார்ட் டிஸ்க்க ஃபார்மேட் பண்ண மறந்துட்டேன் மேடம். ஆயுத பூஜைக்குள்ள முடிங்கன்னு ஆறு வீட்டுல நிக்கிறாங்க, ஒரே பேஜாரு. நான் சொல்ற பட்டனை அமுக்குங்க." அமுக்கினேன். பதிவு தொடங்கிவிட்டது.

ஸ்டெல்லாவிடம் கேட் பற்றிச் சொல்லவில்லை.

21.10.2015, புதன்

ஆயுத பூஜை விடுமுறை. ஆனாலும் வசந்தா வந்தாள், பொரிகடலையுடன். வழக்கம்போல மிக்சி, கிரைண்டர், தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சுவரில் சிலுவை தொங்கும் வீடு இது என்று முதல் ஆண்டு சொல்லிப் பார்த்தேன். "சிலுவைக்கு வெக்கலியேம்மா, மிக்சிக்குத்தான" என்றாள். அன்று விட்டதுதான், தொடர்கிறது.

மதியம் மழை. ஒன்றும் நடக்கவில்லை.

22.10.2015, வியாழன்

மறுபடியும் கேட் திறந்திருந்தது. இம்முறை பதிவு உண்டு.

ஆனால் கேட் கேமராவில் ஒரே மூட்டம், மஞ்சளும் சிவப்புமாக. பெட்டியின் பின்புறம் முதல் வயரையும் இரண்டாவதையும் மாற்றிச் செருகினேன். மூட்டம் வயரோடு இடம் மாறியது. ஆகவே பழுது பெட்டியில் இல்லை, கேமராவிலோ வயரிலோ. செல்வம் திங்கட்கிழமைதான் வர முடியுமாம்.

மூட்டத்துக்குள் தெரிந்தது இது. பி.ப. 2.41: கேட்டருகே ஓர் உருவம். சேலை. வயது, முகம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எதுவும் தெரியவில்லை. பூட்டின் மேல் குனிகிறது. உடைக்கவில்லை, சாவி வைத்திருக்கிறது. 3.10: அதே உருவம், அதே இடம், பிறகு மறைகிறது.

உண்டபின் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கண்ணயர்வது என் வழக்கம். அப்படியானால் இருபத்தொன்பது நிமிடம் ஒருத்தி இந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறாள், நான் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும்போது.

ஒரு பொருளும் காணாமற் போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

23.10.2015, வெள்ளி

வசந்தாவிடம் சாவியைத் திருப்பிக் கேட்டேன்.

"இன்னாம்மா திடீர்னு?"

"கேட்டால் கொடு."

"பதினோரு வருசமா என் முந்தானைல இருக்குது. உங்க வூட்டுக்காரர் செத்த அன்னிக்கு இந்தச் சாவி வெச்சித்தான் கதவத் தெறந்து எல்லாரையும் உள்ள வுட்டேன்."

"தெரியும்."

மேசை மேல் வைத்தாள். பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தமிட்டுக் கழுவினாள். சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

சேலை, சாவி. வேறு யாரை நினைப்பது? அறிவியல் படித்தவள் கிடைத்த சான்றைப் பார்க்க வேண்டும், மனம் சொல்வதை அல்ல.

24.10.2015, சனி

இரண்டு சாவியும் என்னிடம். கேட் திறந்திருந்தது.

அதே மூட்டம். அதே உருவம். 2.38 முதல் 3.15 வரை.

ஆக வசந்தா இல்லை. மூன்றாவது சாவி ஒன்று எங்கோ இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டேன், காலடி கேட்க வேண்டும் என்பதற்காக.

25.10.2015, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வீட்டைக் காலியாக விட அச்சம், வீட்டில் இருக்கவும் அச்சம். தெருமுனைக் கடையில் புதிய பூட்டு வாங்கி மாட்டினேன்.

மதியம் தூங்காமல் உட்கார்ந்தேன். மடியில் மிளகாய்த்தூள் டப்பா. சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி மூன்று முறை. இரண்டரை, மூன்று, நான்கு. யாரும் வரவில்லை.

அது இன்னும் மோசம். நான் விழித்திருப்பது அதற்குத் தெரிகிறது.

ஸ்டெல்லா அழைத்தாள். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" தொண்டைக்கட்டு என்றேன்.

26.10.2015, திங்கள்

செல்வம் பத்து மணிக்கு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார்.

"மேடம், கேமராவுக்கு யாரோ பொட்டு வெச்சிருக்காங்க."

வில்லைக்கு நேர் நடுவில். சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம், மழையில் கரைந்து கண்ணாடி முழுதும். வசந்தாவை அழைத்தேன். மறைக்கவில்லை.

"ஆயுத பூஜை அன்னிக்கி நான்தான் வெச்சேன். மத்ததெல்லாம் எட்டல. இது ஸ்டூல் போட்டா எட்டுச்சி. வூட்டக் காக்குறதே அதுதான? மிக்சிக்கு வெச்சிட்டு அத வுட்டா கோச்சிக்காதா?"

செல்வம்: "நெத்தில வெச்சிருக்கலாமேக்கா. கண்ணுல வெச்சிட்டீங்களே."

"அதுக்கு நெத்தி எதுன்னு நீ சொல்லிட்டுப் போயிருக்கணும்."

ஆறரை அடி என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் எதிர்வீட்டு முருங்கையின் இலைகூடத் தெரிகிறது.

27.10.2015, செவ்வாய்

வானம் மூட்டம். தூறல்.

புதுப் பூட்டு, திறந்திருந்தது.

பதிவை ஓட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினேன், நல்லவேளை.

2.40. உருவம் வெளியிலிருந்து வரவில்லை. உள்ளிருந்து வருகிறது. கருநீலக் கரை போட்ட சாம்பல் நிறச் சேலை. கைப்பை. தூறலில் குடை இல்லை. பூட்டைத் திறந்து வெளியே போகிறது. இருமுறை திரும்பி வீட்டைப் பார்க்கிறது. முகம் நன்றாகத் தெரிகிறது. அதற்காகத்தானே அந்த உயரம்.

நான்.

சாம்பல் நிறச் சேலை இப்போதும் உடலில் இருக்கிறது. தோள்பட்டையில் ஈரம். அந்த முகத்தில் இருப்பது பேரச்சம். அப்படி அஞ்சியதாக எனக்கு நினைவில்லை. வெளியே போனதாகவும் நினைவில்லை. ஜெபமாலை சொன்னேன், விழித்தேன், மணி மூன்றரை. நினைவில் உள்ளது அவ்வளவே.

நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது முறைக்குத் துணிவில்லை.

28.10.2015, புதன்

வசந்தாவை உட்கார வைத்துப் பதிவைக் காட்டினேன். அவள் வியக்கவில்லை.

"தெரியும்மா. மூலைல பூக்கடை வெச்சிக்கினு இருக்காளே, எங்க நாத்தனா, அவதான் சொன்னா. மூலைல வந்து நின்னுக்கினு வூட்டையே பாத்துக்கினு இருப்பீங்களாம். இன்னாம்மான்னு கேட்டா பேச்சே இல்லியாம். அப்பறம் அவளே கையப் புடிச்சி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டுப் போவாளாம்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சனிக்கிழமதான் எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமதான் சாவியப் புடுங்கிக்கினீங்க. மறுநாளு நான் போயி இதச் சொன்னா, சாவியப் புடுங்குன ஆத்திரத்துல என்னப் பைத்தியம்னு கட்டி வுடறான்னு சொல்ல மாட்டீங்க?"

சொல்லியிருப்பேன்.

புதுச் சாவியில் ஒன்றை அவளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். இதற்கு முன் யாரிடம் எப்போது கேட்டேன் என்பது நினைவில் இல்லை. இந்த மறதியை மட்டும் நோயில் சேர்க்க வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஸ்டெல்லா. "கேமரா ஒழுங்கா ஓடுதா?" மிக நன்றாக ஓடுகிறது என்றேன். பொய் இல்லை.

ஒன்று தவறினால் என்பது உடன்பாடு. தவறியது எது என்று முதலில் தெரிய வேண்டும். திங்களன்று புதுச்சேரியில் நரம்பியல் மருத்துவர். அவர் முன் வெறும் பயத்தோடு போய் உட்கார மாட்டேன்; குறிப்புகளோடு போவேன்.

29.10.2015, வியாழன்

விட்டு விட்டு மழை. மதியம்: ரசம், அவரைப் பொரியல், அரை வயிறு.

கேமராவுக்குக் காது இல்லை. ஏன் போகிறேன் என்று அதனால் கேட்க முடியாது. ஆகவே வசந்தாவை இரண்டு மணிக்கு வரச் சொன்னேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், மணி பார்ப்பாள், எழுதுவாள். சமையலறை வாசலில் முக்காலி போட்டிருக்கிறேன். விதிகள்: எழுப்பக் கூடாது, தடுக்கக் கூடாது. எழுந்தால் எங்கே, ஏன் என்று கேட்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்; எனக்காக நல்லவிதமாக மாற்றக் கூடாது. தெருவுக்குப் போனால் கூட வர வேண்டும்.

இந்த நோட்டையே அவளிடம் கொடுக்கிறேன். மணி 2.05. இதற்குக் கீழே எழுதுவது வசந்தா.

2.20 அம்மா தூங்கிட்டாங்க.

2.37 கண்ணு தெறந்தாங்க. எதுர்ல இருக்கிற டீவியவே பாத்துக்கினு இருக்காங்க.

2.40 ஓசப்படாம எழுந்து பையை எடுத்துக்கினு எங்கிட்ட வந்தாங்க. எங்கம்மா போறீங்கன்னு கேட்டேன். என் வாயப் பொத்துனாங்க. டீவியக் காட்டி, யாரோ ஒரு கெழவி வூட்டுக்குள்ள பூந்து ஹால்ல உக்காந்துக்கினு இருந்தா, மூஞ்சியக் காட்ட மாட்டேன்றா, இப்ப எழுந்துட்டா பாரு, அப்படின்னு சொன்னாங்க. அது நீங்கதாம்மான்னு சொன்னேன். கேக்கல. கை ஜில்லுன்னு இருந்துது. நீ முன்னால ஓடு, நான் பின்னால வர்றேன்னு என்னத் தள்ளுனாங்க.

2.45 மூலைல நின்னோம். ஸ்டெல்லாவக் கூப்பிடு, என்னால அந்த வூட்ல இருக்க முடியாது, வந்து கூட்டிக்கினு போவச் சொல்லுன்னு சொன்னாங்க. ரெண்டு வாட்டி சொன்னாங்க.

3.20 வூட்டுக்குக் கொண்டாந்து படுக்க வெச்சிட்டேன். டீவிய அணைச்சிட்டேன். ஸ்டெல்லா பாப்பாக்கு நான் இன்னும் போன் பண்ணல. நீங்க எழுந்து இதப் படிச்சிட்டு, பண்ணட்டுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்கம்மா.