கவலை முள்

அனகாபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கார்த்திக்கு அம்மா எழுதுவது. கங்கையம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் தொண்டையும் நன்றாக இருக்கிறது, ஹாம்பர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். தொண்டையை ஏன் தனியாகச் சொல்கிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

உன் வேலையை நீட்டிப்பார்களா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள் என்று போன மாதம் மெசேஜ் போட்டாயே, அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இது. பம்மலில் வியாபாரம் முடித்து, கூடையில் மிஞ்சிய கவலை மீனை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தேன், கை சோற்றில், கண் போனில். டிங் என்று சத்தம் வந்தது, நீதான் என்று எட்டிப் பார்த்தேன், கேஸ் சிலிண்டர் வருகிறதாம். அதற்குள் முள் தொண்டையில் நின்றுவிட்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன், வாழைப்பழம் விழுங்கினேன், அசையவில்லை. கோவளத்துக் கரையில் பிறந்தவள், இருபது வருஷமாக மீன் விற்கிறவள், ஒரு கவலை முள்ளுக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பல்லாவரத்து டாக்டரிடம் போனேன்.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை போலிருக்கிறது. என்னம்மா சாப்பிட்டீங்க என்று கேட்டார், கவலை என்றேன். கவலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, என்ன மீன்னு சொல்லுங்க என்றார். மறுபடியும் கவலை என்றேன். அவர் அப்பாவிடம் திரும்பி, ரொம்பப் பயந்திருக்காங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். சார், மீன் பேரே அதான் சார் என்று அப்பா சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. விளக்கடித்து இடுக்கியால் எடுத்துக் காட்டினார், தலைமுடி கனம்தான் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய டார்ச் வாங்கி வந்து, தினமும் காலையில் என்னை ஆ காட்டச் சொல்கிறார். பக்கத்துக் கூடை முனியம்மா வேறு, இன்னா கூத்துமே, கவல விக்கிறவ தொண்டைலயே கவல மாட்டிகினு கீதாம் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள், என் மானம் போயிற்று. உன் கம்பெனியும் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டது.

அதிலிருந்து சாப்பிடும்போது போன் ஃபிரிட்ஜ் மேல்தான். இரண்டு நாள் வெறும் ரசம்தான். மூன்றாம் நாள் வீம்புக்கு அதே கவலை மீனைக் குழம்பு வைத்து உட்கார்ந்தேன். பயத்தில் வேறெதையும் நினைக்க முடியவில்லை, விரலால் தடவித் தடவி முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, ஒரு வாய், அப்புறம் அடுத்த வாய். நடுவில் மாங்காய்ப் புளிப்பு நாக்கில் நன்றாகத் தெரிந்தது, இத்தனை நாளும் இதே குழம்பைத்தானே வைத்தேன். தலைக்கு மேலே விமானம் போவது கேட்டது. எதிரே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மீசை முழுக்க வெளுத்திருக்கிறது, அது எப்போது வெளுத்ததென்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது கார்த்தி, ஒன்றும் நடக்காமலே.

கை கழுவும்போதுதான் உறைத்தது, ஒரு வேளை முழுக்க உன்னை நினைக்கவே இல்லை. அழுதுவிட்டேன். பெற்றவள் கவலைப்படாவிட்டால் வேறு யார் படுவார்கள், இங்கிருந்து உனக்கு நான் செய்கிற ஒரே வேலை அதுதானே என்று இருந்தவள் நான். வாராவாரம் வஞ்சிரம் வாங்குகிற ஹெப்சி டீச்சரிடம் சொன்னேன். அதுதான் தியானம் காந்தா, நாங்க யோகா கிளாஸ்ல கண்ணை மூடி உக்காந்து அதைத்தான் கத்துக்கறோம் என்றார். மீன் வெட்டறப்ப கண்ணை மூடினா என் விரல் போயிடும் டீச்சர் என்றேன். அவர் போன பிறகு செதில் எடுத்துக்கொண்டே யோசித்தேன். மணிக்கட்டு பிசகியதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொன்னாய், ரூம் மாறியதை மூன்று மாதம் கழித்துச் சொன்னாய், அம்மா கவலைப்படுவாள் என்றுதானே. நான் பட்ட கவலை உனக்கு ஒரு வாய் சோறு போடவில்லை, உன் வாயைத்தான் அடைத்திருக்கிறது.

மாதம் முடியப் போகிறது. ஒருவேளை அவர்கள் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களோ என்னவோ. போன வாரம் வீடியோவில் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்தாய், கண் வேறெங்கோ இருந்தது. நானாகக் கேட்க மாட்டேன். எதுவானாலும் பயப்படாமல் எழுது. சாப்பிட்டு முடித்து, கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் படிப்பேன். படித்துவிட்டு அழுதாலும் அழுவேன், மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், உன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மன் உன் கூடவே இருப்பாள். அப்பா டார்ச்சோடு வந்து நிற்கிறார், தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறார். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த ஊரில் மீனை முள்ளே இல்லாமல் வெட்டித் தருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாய். இருக்கட்டும், நீ முள் இருக்கிற மாதிரியே சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
காந்தா பாலகுரு.