மஞ்சள் பாத்தியில் கோரை

கட்டிய நாளிலிருந்து பேர் சொல்லாமல் ‘இந்தா’ என்றே நான் கூப்பிட்டுப் பழகிய என் அஞ்சலைக்கு,

நீ ஆடியில் ஊன்றிய மஞ்சள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். மற்றதை எழுதக் கை வரவில்லை.

தோட்டம் பூராவும் கோரை மண்டிக் கிடக்கிறது. களை எடுப்பது பொம்பளை வேலை என்று வரப்பில் நின்று பேசியவன்தானே நான்? இப்போது பலகையைப் போட்டுக்கொண்டு, களைக்கொத்தோடு பாத்தி பாத்தியாக நகர்கிறேன். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வேலியோரம் போகும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

நீ காய்ச்சலில் தோட்டத்துக் கட்டிலில் கிடந்தபோது, ஒரு நாள் உன் கண்ணெதிரே களை எடுத்துக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? “களையா எடுக்கறீங்க? மண்ணுக்கு சவரம் பண்ணிக்கினு இருக்கீங்க” என்றாய். மேலே கொத்தினால் கோரை போகாது, அடியில் இருக்கிற கிழங்கு வர வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது. மழை பெய்த மறுநாள் விரலை விட்டு இழுத்தால் கிழங்கோடு முழுசாக வருகிறது. அப்போது ஒரு சந்தோஷம் வருகிறது பார், இந்த வயதில் வேறு எதிலும் எனக்கு அது இல்லை. உன்னிடம் காட்டலாம் என்று திரும்புகிறேன். கட்டில்தான் இருக்கிறது.

கோரை இவ்வளவு வந்ததற்குக் காரணம் வெயில். நம் வேலியோரத்து ரோட்டுப் புளியமரம் இப்போது இல்லை, அஞ்சலை.

உன் கருமாதி முடிந்த கையோடு இடஒதுக்கீடு கேட்டு நம் ஜனங்கள் ஊர் ஊராக ரோட்டை மறித்தார்கள். சின்னசேலம் பக்கம் ஒரு பஸ் ஓடவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே மரத்தைச் சாய்க்க, நம் ஏழுமலையோடு படித்த பையன்கள் கோடாலியோடு வந்தார்கள். உன் தோட்டத்துக்கு நிழல் தருகிற மரம் என்று அவர்களே தயங்கி, அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்கள். நம் பிள்ளைதான் விடவில்லை.

“நம்ம மரத்த வுட்டுட்டு ஊரான் மரத்த வெட்டுனா, நாளைக்கு எவன்பா நம்மள மதிப்பான்?” என்றான். உன்னை மாதிரியே நியாயம் பேசுகிறான். முதல் வெட்டு அவன் வெட்டியதுதான்.

போலீஸ் வேன் வந்ததும் எல்லோரும் மேற்கே மலைப் பக்கம் ஓடினார்கள். மற்ற பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். யார் எவன் என்று போலீசுக்குப் பிடிபடவில்லை. ஏழுமலையை மட்டும் கண்டுகொண்டார்கள். உனக்குக் கொள்ளி வைக்கப் போட்ட மொட்டை, அஞ்சலை. கருமாதிக்கு மறுபடியும் மழித்த தலை. அவ்வளவு கூட்டத்திலும் அது பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நம் வாசலில் வந்து நின்றவர்கள் பேர்கூடச் சொல்லவில்லை. “அந்த மொட்ட எங்க?” என்றுதான் கேட்டார்கள்.

இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உன் மேல் பழி போடவில்லை. பெற்றவளுக்கு மொட்டை போடாமல் ஒரு பிள்ளை எப்படி இருப்பான்?

வெள்ளிமலைப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். மலையேறிப் போய்த் தேடினேன், இல்லை. பிடித்துக் கடலூர் ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கள்ளக்குறிச்சி கோர்ட் வாசலில் விசாரித்தேன், அப்படி ஒரு பேர் வரவில்லை என்றார்கள். சாப்பிட்டானா, காய்ச்சலா, உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால்தான் விடிந்ததும் தோட்டத்துக்கு வந்துவிடுகிறேன். ரோடு தெரிகிற பாத்தியில்தான் முதலில் உட்காருகிறேன். அங்கே களை தீர்ந்த பிறகும் எழுந்திருப்பதில்லை.

நேற்று பூங்காவனம் சிரிக்காமல் வேலியில் நின்றாள். “இந்த வருசம் ஒங்க வூட்ல பொங்கலே கெடயாதே மாமா, யாருக்கு இந்த மஞ்ச?” என்று கேட்டாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? குனிந்து கோரையைப் பிடுங்கினேன். இதையும் விட்டுவிட்டால் பொழுதன்னைக்கும் நான் என்ன செய்வேன்?

முளைத்ததைக் கண்டாலே பிடுங்குகிற கையாகிவிட்டது இது. ஆனால் ஒன்று மட்டும் சீக்கிரம் வளர வேண்டும் என்று சாமியிடம் கேட்கிறேன். நம் பிள்ளை தலையில் முடி. ஆவணிக் கடைசியில் மழித்தது, கார்த்திகை பிறந்துவிட்டதே, இந்நேரம் சீப்பு வைத்து வாருகிற அளவுக்கு வந்திருக்காதா? வந்திருந்தால் அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியாது. எனக்குத் தெரியும், அவன் எப்படி வந்தாலும்.

இந்த மஞ்சளை நான் பிடுங்க மாட்டேன். பொங்கலுக்கு மஞ்சள் பிடுங்குவது நம் வீட்டில் அவன் வேலை. அவன் வரும்வரை பாத்தியில் ஒரு கோரை நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வருஷ திவசத்துக்கு அவன் தலையில் கத்தி வைக்க விடமாட்டேன். அவனுக்குப் பதிலாக நான் போட்டுக்கொள்கிறேன். பெண்டாட்டிக்காகப் புருஷன் மொட்டை போடுகிற வழக்கம் ஏது என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். மொட்டையைத் தேடிக்கொண்டு மறுபடியும் யாராவது வாசலுக்கு வந்தால், நான் எழுந்து முன்னால் போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
நம் ஏழுமலையின் அப்பா